சிறு கல்லூரியை நடத்துபவர்கள்

இலங்கையில் கல்லூரி என்று பெயர் பெற்றவற்றில் பெரும்பாலானவை பாடசாலைகளே. ஆறாம் தரத்திலோ அதற்குக் கீழேயோ தொடங்கி, க.பொ.த. உயர் தரம் எழுதும் 13 ஆம் தரம் வரை ஒரே மதிலுக்குள் நடப்பவை. கொழும்பில் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் சிறிய கல்லூரிகளைத் தேடுபவர் முதலில் போக வேண்டிய இடங்கள் இரண்டு: தெற்கே வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம், வடக்கே கொட்டாஞ்சேனைப் பக்கம். இந்த இரு பக்கங்களையும் 155 ஆம் இலக்க பஸ் இணைக்கிறது. காலை ஆறு மணி பஸ்ஸில் கைப்பையும் திருத்திய கொப்பிக் கட்டுமாக ஏறுபவர்களில் ஆசிரியர்கள் பலர். பெரிய கல்லூரிகளில் ஒரு வேலைக்கு ஒருவர் இருப்பார். சிறிய கல்லூரியில் ஒருவர் தலையில் நான்கு வேலை விழும். அந்த நான்கையும் குறைவில்லாமல் செய்து முடிப்பதுதான் இவர்களுடைய தொழில் நுட்பம்.

கொட்டாஞ்சேனையின் கல்வி மரபு பழையது. புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி 1865 இல் தொடங்கி, டி லா சால் அருட்சகோதரர்களின் கையில் வளர்ந்தது. சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கிப் பேசியதன் எழுச்சியில் 1902 இல் விவேகானந்த சபை பிறந்தது. அவர் பெயரையே தாங்கிய கல்லூரியும் இந்தப் பகுதியில் உண்டு. வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷனும், உருத்திரா மாவத்தைச் சைவ மங்கையர் வித்தியாலயமும், அருகே 57 ஆவது ஒழுங்கையில் 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. பம்பலப்பிட்டியில் இந்துக் கல்லூரி 1951 இல் எழுந்தது. 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் பல அரசுடைமையாயின. கட்டணம் வாங்காத தனியார் பாடசாலைகளாகத் தனித்து நின்றவை சில. நிர்வாகம் யாருடையதாக இருந்தாலும் வகுப்பறை வேலை ஒன்றுதான்.

காலை 7.30க்கு மணி அடிக்கிறது, 1.30க்கு முடிகிறது. இடையில் நாற்பது நிமிடப் பாடவேளைகள் எட்டு. மணி அடிப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே ஒருவருடைய வேலை தொடங்கிவிடுகிறது. அவர் பிரதி அதிபர். அன்று லீவு போட்ட ஆசிரியர்கள் யார், யாருக்கு எந்தப் பாடவேளை ஓய்வு என்று நேரசூசியைப் பார்த்து, ஆசிரியர் இல்லாத வகுப்புகளுக்கு மாற்று ஆட்களைப் போட்டு ஒரு தாளில் எழுதுகிறார். நாற்பது ஆசிரியர்கள் உள்ள இடத்தில் ஐந்து பேர் வராவிட்டால் சமாளிக்கலாம். பதினைந்து பேர் உள்ள இடத்தில் மூன்று பேர் வராவிட்டால் நேரசூசியே குலைந்துவிடும். கணித ஆசிரியர் 8 ஆம் தரத்துக்குச் சமயம் படிப்பிப்பதும், நூலகப் பொறுப்பாசிரியர் 6 ஆம் தரத்தைக் கட்டி மேய்ப்பதும் அப்போதுதான். அந்தத் தாளைப் பார்த்து முகம் சுளிக்காமல், தன் ஒரே ஓய்வு நேரத்தையும் விட்டுக்கொடுத்து வகுப்புக்குப் போகிற ஆசிரியரை எந்த அறிக்கையும் குறிப்பிடுவதில்லை. குறிப்பிட வேண்டும்.

வகுப்பாசிரியரின் முதல் வேலை இடாப்பு. பெயர் கூப்பிட்டு வந்தவரையும் வராதவரையும் குறித்து, நாளின் மொத்தத்தைக் கீழே எழுதுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் அனுபவம் உள்ளவர் அந்த ஐந்து நிமிடத்தில் கணக்கோடு சேர்த்து முகங்களையும் பார்க்கிறார். தொடர்ந்து திங்கட்கிழமைகளில் வராத பிள்ளை, சாப்பிடாமல் வந்த பிள்ளை, சீருடை காயாமல் ஈரத்தோடு வந்த பிள்ளை எல்லாம் இடாப்பு நேரத்தில்தான் கண்ணில் படும். கொட்டாஞ்சேனையில் புறக்கோட்டை வியாபாரிகளின் பிள்ளைகளும் துறைமுகத்திலும் மாநகரசபையிலும் உடலுழைப்பவர்களின் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருப்பார்கள். மலையகத்திலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள், பரதர், கொழும்புச் செட்டிமார், வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இடம்பெயர்ந்தவர்கள் என்று வகுப்பு கலவையானது. பாடம் ஒன்றுதான், சொல்லிக் கொடுக்க வேண்டிய விதம் ஐந்தாறு.

கல்விசாரா ஊழியர் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பாராட்டுகளில் அவர்கள்தான் அதிகம் விடுபடுபவர்கள்.

உயர்தர இரசாயனவியலுக்கு நியமிப்புச் செய்முறை உள்ள நாளில், ஆசிரியர் வருவதற்கு முன்பே ஆய்வுகூட உதவியாளர் அளவிகளையும் குழாயிகளையும் எடுத்து வைக்கிறார். அளவியை முதலில் நீரால் கழுவி, பிறகு அதில் ஊற்றப் போகும் கரைசலாலேயே ஒருமுறை அலசுகிறார். குழாயிக்கும் அப்படியே. கூம்புக் குடுவையை மட்டும் காய்ச்சி வடித்த நீரால் கழுவுவதோடு நிறுத்திக்கொள்கிறார். அதையும் கரைசலால் அலசினால் உள்ளே ஒட்டும் மிச்சம் வாசிப்பைக் கெடுத்துவிடும். அளவியின் திருகுக்குக் கீழே காற்றுக் குமிழ் சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பட்டம் பெறாதவர், ஆண்டுக்கணக்கில் ஆசிரியரின் பக்கத்தில் நின்று கற்றவர். புதிதாக வரும் இளம் ஆசிரியருக்கு அந்த ஆய்வுகூடத்தைக் காட்டிக் கொடுப்பதும் பெரும்பாலும் இவரே.

அலுவலகத்தில் எழுதுவினைஞரின் மேசை. கொழும்பில் கல்விப் பணிமனையிலிருந்து வரும் சுற்றுநிருபங்கள் பெரும்பாலும் சிங்களத்தில் வருபவை. அவர் வாசித்து, திகதியையும் செய்ய வேண்டியதையும் ஓரத்தில் பென்சிலால் தமிழில் குறித்து அதிபரிடம் நீட்டுகிறார். அதிபர் கையொப்பமிட்டதும் செய்தி அறிவித்தல் புத்தகத்தில் ஏறி, வகுப்பு வகுப்பாகப் போய், ஒவ்வொரு ஆசிரியரின் கையொப்பத்தோடு திரும்பி வருகிறது. ஒரு திகதியைப் பிழையாக வாசித்தால் ஒரு வகுப்பின் பரீட்சை விண்ணப்பமே தவறிவிடும். ஆகவே அந்தப் பென்சில் குறிப்பில் ஒரு கல்லூரியின் பொறுப்பே இருக்கிறது.

சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவரின் தேசிய அடையாள அட்டை விண்ணப்பமும் இந்த மேசை வழியாகத்தான் போகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், இடாப்பில் வேறு விதமாகவும், ஆங்கிலத்தில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்ட பெயரைப் பார்த்து, பெற்றோரை அழைத்துத் திருத்தச் சொல்ல வேண்டும். போர்க் காலத்தில் இதன் கனம் இன்னும் அதிகம். கொழும்பின் சோதனைச் சாவடியில் ஒரு தமிழ் இளைஞனுக்கு அந்த அட்டை வீடு திரும்புவதா, பொலிஸ் நிலையத்தில் இரவைக் கழிப்பதா என்ற கேள்வி. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. அதன் பின் கொழும்புக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் சிலருடைய கையில் விடுகைப்பத்திரமும் இல்லை, தேர்ச்சி அறிக்கையும் இல்லை. தாள் இல்லாத பிள்ளையையும் வகுப்பில் இருத்தி, தாளைப் பிறகு தேடிய அதிபர்களும் எழுதுவினைஞர்களும் இருந்தபடியால் பலருடைய படிப்பு முறியாமல் தொடர்ந்தது. இவர்கள் செய்தது விதியை மீறிய காரியம் என்று சொல்வோரும் உண்டு. விதி எதற்காக இருக்கிறதோ அதைக் காப்பாற்றிய காரியம் என்பதே சரி.

நெருக்கடிகள் இந்தக் கல்லூரிகளுக்குப் புதியவை அல்ல. 1983 ஜூலை இன வன்செயலின்போது கொழும்பில் பாடசாலைகளே அகதி முகாம்களாயின. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் பலருக்கு அது தெரிந்த, போய்வந்த கோயில். மே மாதம் பாடசாலைகள் திறந்தபோது வகுப்புகள் பாதி வெறுமை. வாசலில் ஆசிரியர்களும் பெற்றோரும் நின்று புத்தகப் பைகளைச் சோதித்தார்கள். பையைத் திறந்து காட்டும் ஆறாம் தரத்துப் பிள்ளையைப் பயமுறுத்தாமல் சோதிப்பது எந்தக் கல்வியியல் கல்லூரியிலும் சொல்லித் தராத பாடம்.

பிறகு கொரோனா வந்தது. ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட வீடுகளுக்கு ஆசிரியர் இரவு ஒன்பது மணிக்கும் குரல் பதிவு அனுப்பினார். டேட்டா செலவு அவருடையது. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப் போயின. அதே ஆண்டு ஜூன், ஜூலையில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. உயர்தரப் பரீட்சை ஓகஸ்ட்டிலிருந்து நகர்ந்து நகர்ந்து அடுத்த ஆண்டுகளின் ஜனவரிக்கும் பெப்ரவரிக்கும் போனது. ஒரு தொகுதி பரீட்சை எழுதி முடிக்குமுன் அடுத்த தொகுதி பாடத்தில் பாதி தாண்டியிருக்க, இரண்டையும் ஒரே ஆசிரியர் சேர்த்து இழுத்தார்.

இந்த உழைப்புக்கும் சம்பளத்துக்கும் இடையிலான தூரம் பெரியது. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 ஜூலை 12 இல் தொடங்கிய ஆசிரியர், அதிபர் போராட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு 2022 இல் கிடைத்தது. மீதிக்காக 2024 ஜூனிலும் வீதிக்கு இறங்கினார்கள். பாடத்தை நிறுத்தியவர்கள் என்று அவர்கள்மீது பழி வந்தது. வெள்ளவத்தையில் வாடகை அறையும், இரண்டு பஸ் கட்டணமும், மாலை வகுப்பு எடுத்தால்தான் மாதம் முடியும் என்ற கணக்கும் தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். துப்புரவுத் தொழிலாளி, காவலாளி போன்றோர் நிலை இன்னும் நலிந்தது. அரசு நியமனம் போதாத இடத்தில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பணத்தில் வேலைக்கு எடுக்கப்படுபவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை.

இலங்கையில் ஆசிரியர் தினம் ஒக்டோபர் 6. அன்று உயர்தர மாணவர் வகுப்பெடுப்பார்கள். ஆசிரியர்கள் மேடையில் மாலையோடு அமர்ந்திருப்பார்கள். கழிப்பறையைக் கழுவுபவரும் மணி அடிப்பவரும் ஆய்வுகூட உதவியாளரும் மேடைக்குப் பின்னால் கதிரை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் மேடையில் இருத்த ஒரு தீர்மானம் போதும். பரிசளிப்பு விழா மலரில் ஆசிரியர் பட்டியலுக்குக் கீழே அவர்களுடைய பெயரையும் சேவை ஆண்டையும் அச்சிட இன்னும் ஒரு பக்கம் போதும்.