படகுல சுடுதண்ணி: எந்த ஹீட்டர் வாங்கலாம்?

பூவம், காரைக்கால் பக்கம் விசைப்படகு வெச்சிருக்கவங்க, தங்குகடல் போறவங்க கவனத்துக்கு ஒரு த்ரெட்.

1. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இன்ஜின், வயரிங், பெயின்ட் வேலையெல்லாம் பார்க்கிற நேரம். மழைக்காலத்துல நாலஞ்சு நாள் கடல்லயே கிடக்கறவங்களுக்கு சுடுதண்ணி ஆடம்பரம் இல்ல. ஆனா கேபினுக்குள்ள கேஸ் கீசர் மாட்டாதீங்க.

2. அடைச்ச சின்ன இடத்துல கேஸ் எரிஞ்சா ஆக்சிஜன் குறையும், கார்பன் மோனாக்சைடு உருவாகும். நிறம் இல்ல, வாசனை இல்ல. ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும்.

3. அறிகுறி: தலைவலி, குமட்டல், தலைசுத்தல். கரையில இருந்தா சந்தேகம் வரும். படகுல "கடல் ஒத்துக்கல, போய்ப் படு"ன்னு சொல்லிடுவோம். படுக்கற இடம் அதே கேபின்! வருஷக்கணக்கா கடலுக்குப் போறவருக்கும், ஒரே நேரத்துல ரெண்டு மூணு பேருக்கும் இப்படி வந்தா அது கடல் மயக்கம் இல்லைன்னு நினைங்க. விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீங்க. அதுக்கு இந்த ரெண்டு வாயுவையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

4. எல்பிஜி காற்றைவிட கனமானது. வீட்ல கசிஞ்சா கதவு வழியா வெளியேற வழி உண்டு. படகு ஒரு கிண்ணம் மாதிரி, அடியில தேங்கி நிக்கும். ஒரு பொறி போதும்.

5. கரன்ட் ஹீட்டர்? 3 கிலோவாட் கீசர் 24 வோல்ட் பேட்டரியில இருந்து 125 ஆம்பியர் இழுக்கும். 15 லிட்டர் தண்ணியை 25 டிகிரியில இருந்து 40க்குக் கொண்டுவர கால் யூனிட் ஆகும். பத்து பேர் குளிச்சா ரெண்டரை யூனிட். அப்புறம் இன்ஜினை எதை வெச்சு ஸ்டார்ட் பண்றது?

6. நல்ல வழி இன்ஜின் சூடுதான். டீசல் தர்ற சக்தியில மூணுல ஒரு பங்கு கிட்ட கூலிங் தண்ணியோடவே வீணாப் போகுது. அந்தச் சூட்டை ஒரு சுருள் குழாய் வழியா மூடின டேங்க்ல ஏத்தறதுக்குப் பேரு கேலரிஃபையர். பச்சைத்தண்ணி கலக்கிற மிக்சர் வால்வு கட்டாயம். 60 டிகிரி தண்ணி பட்டா அஞ்சாறு செகண்ட்ல தோல் வெந்துடும். செலவு கட்டுப்படியாகலையா? மேல்கூரையில ஒரு கறுப்பு டிரம் வைங்க, மிச்சத்தை வெயில் பார்த்துக்கும்.

7. யாராவது சுருண்டு விழுந்தா: கேஸை மூடுங்க, ஆளை மேல்தளத்துக்குக் காத்தாடக் கொண்டு வாங்க. கடல்ல இருந்து கடலோரக் காவல்படை 1554, கரையில இருந்து 108. சாதாரணக் காற்றுல இந்த விஷம் பாதியாக் குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள குறையும். அதனால "தெளிஞ்சிட்டான்"னு விட்டுடாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.

உங்க வீட்ல, தெருவுல கடலுக்குப் போறவங்க இருந்தா இதைப் படிச்சுக் காட்டுங்க.