லேபல் சுரண்டிய இசைத்தட்டுகளும் ஒரு கடன் கணக்கும்

அண்மையில் வீடு மாறியபோது, படிக்கட்டின் கீழிருந்த அலுமாரியிலிருந்து நெடுங்காலமாகத் திறக்கப்படாத ஒரு பெட்டி வெளியே வந்தது. உள்ளே இரண்டு வகைக் காகிதங்கள் கலந்து கிடந்தன. ஒன்று, 1992 தொடக்கம் 1996 வரை கிழக்கு லண்டனில் நாங்கள் இருவரும் நடத்திய தமிழ்ச் சிற்றிதழின் மிச்சப் பிரதிகள். மற்றையது, வட இங்கிலாந்தின் சிறு நகரமொன்றிலிருந்து ஒருவர் தனியாளாக நடத்திய ஸ்கா இசைச் சஞ்சிகையின் ஒன்பது இதழ்கள். இரண்டும் ஒரே அளவு, ஏ-4 தாளை நடுவில் மடித்துக் கம்பி அடித்தவை. தூரத்திலிருந்து பார்த்தால் எது எங்களுடையது, எது அவருடையது என்று எங்களுக்கே தெரியவில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு ஸ்கா என்ற சொல் அறிமுகமற்றதாக இருக்கலாம். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த நாட்களில், எங்களோடு வேலை பார்த்த ஜமெய்க்காப் பெரியவர் ஒருவர் விடியப்புறம் மூன்று மணிக்குமேல் ஒரு கசெற்றைப் போடுவார். ட்ரம்பெற்றும் ட்ரொம்போனும் முன்னால் போக, கிற்றாரும் பியானோவும் தாளத்தின் அடியில் விழாமல், இரண்டு அடிகளுக்கு நடுவே வெட்டி வெட்டி விழும். நடக்கும்போது காலை ஊன்றும் கணத்தில் அல்லாமல், தூக்கும் கணத்தில் ஒலிக்கும் இசை. நித்திரை கலைக்க அதைவிட நல்ல மருந்து கிடையாது. றெகேயின் தாய் வடிவம் இது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

ஜமெய்க்கா சுதந்திரம் பெற்றது 1962 ஓகஸ்ட் 6ஆம் திகதி. அந்தச் சுதந்திரத்தைச் சூழ்ந்த வருடங்களின் இசை ஸ்கா. அதற்கு முன்பு, 1950களில், கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைகள் ஆடியது 'சவுண்ட் சிஸ்டம்' எனப்பட்ட பெரும் ஒலிபெருக்கிகளைத் திறந்தவெளியில் நிறுத்தி நடத்திய நடனங்களில். கொக்ஸன் டொட், டியூக் றீட் ஆகிய இருவரும் அத்துறையின் பெரும் போட்டியாளர்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டில் எது கூட்டத்தை இழுக்கிறதோ, அதன் லேபலைச் சுரண்டி எடுத்துவிடுவது அவர்களது வழக்கம். பாடியவர் யார், பாட்டின் பெயர் என்ன என்று மற்றவருக்குத் தெரிந்துவிட்டால் அவரும் ஒரு பிரதி வாங்கிவிடுவாரே. வில்லிஸ் ஜாக்சன் என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞரின் ஓர் இசைத்தட்டுக்குக் கொக்ஸன் 'கொக்ஸன் ஹொப்' என்று தன் பெயரையே வைத்துச் சில வருடங்கள் ஆண்டார். டியூக் றீட் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்துத் தன் மேடையில் அதைப் போட்டபோது அந்த ஆட்சி முடிந்தது.

பெயரை அழிக்கும் இப்பழக்கம் பின்னர் சொந்த இசை பிறந்தபோதும் முற்றாக நீங்கவில்லை. ஸ்காவின் உச்சம் எனப்படும் ஸ்கற்றலைற்ஸ் குழு 1964இல் தொடங்கி 1965இல் கலைந்தது, ஏறத்தாழப் பதினான்கு மாதங்கள். ட்ரொம்போன் வாசித்த டொன் ட்ரமண்ட், சாக்ஸபோன் வாசித்த ரொமி மக்குக், ட்ரம்பெற் வாசித்த ஜொனி மூர் போன்றோர் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய அல்பா ஆண்கள் பாடசாலையில் வளர்ந்த பிள்ளைகள். எண்ணற்ற பாடகர்களின் இசைத்தட்டுகளில் பின்னணி வாசித்தவர்கள் இவர்களே. ஆனால் பல தட்டுகளில் அவர்கள் பெயர் இல்லை. வேறு சிலவற்றில் தவறான பெயர் இருந்தது. லண்டனுக்கு இறக்குமதியான பிரதிகள் சில, எதுவும் அச்சிடப்படாத வெள்ளை லேபலோடு வந்தன.

ஸ்கா ரசிகர் சஞ்சிகைகளின் வரலாற்றை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அவை பிரதானமாகச் செய்த வேலை, சுரண்டப்பட்ட லேபலைத் திரும்ப எழுதியதே.

*

பிரித்தானியாவில் இவ்விசைக்கு எப்போதும் ஒரு சில்லறை வியாபாரியின் தோற்றம் இருந்திருக்கிறது. 1959இல் ஜமெய்க்காவில் ஐலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய கிறிஸ் பிளக்வெல் 1962இல் லண்டன் வந்து, மினி கூப்பர் காரின் பின்புறத்தில் இசைத்தட்டுகளை ஏற்றிக்கொண்டு, குடியேறிகள் வாழ்ந்த பகுதிகளின் கடைகடையாக ஏறி இறங்கினார். 'எழுத்து' செல்லப்பா புத்தக மூட்டையோடு கல்லூரிகளின் வாசலில் நின்ற கதையை அறிந்த எமக்கு அது அந்நியமாகப்படவில்லை. 1964இல் மில்லி ஸ்மோலின் 'மை போய் லொலிபொப்' இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போயிற்று. பிறகு அலை ஓய்ந்தது. 1979இல் கொவென்றி நகரில் ஜெரி டமர்ஸ் தொடங்கிய டூ ரோன் நிறுவனம், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசித்த குழுக்களோடு அதை மீண்டும் எழுப்பியது. 1981 ஜூலையில், நகரங்களில் கலவரங்கள் மூண்டிருந்த அதே நாட்களில், ஸ்பெஷல்ஸ் குழுவின் 'கோஸ்ட் டவுண்' பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. அவ்வருடமே அக்குழு உடைந்தது.

பெரிய பத்திரிகைகள் ஸ்காவைக் கைவிட்ட பிறகு வந்த வருடங்கள்தாம் ரசிகர் சஞ்சிகைகளின் காலம். ஜோர்ஜ் மார்ஷல் கிளாஸ்கோவிலிருந்து 'ஸூட்' என்ற சஞ்சிகையை நடத்தினார். டூ ரோன் நிறுவனத்தின் வரலாற்றை 1990இல் நூலாக எழுதி, சஞ்சிகையின் பெயரிலேயே பதிப்பித்தார். கடலுக்கு அப்பால் நியூயோர்க்கில், இங்கிலாந்திலிருந்து போன றொபேட் ஹிங்லி, 1981இல் ரோஸ்ரர்ஸ் குழுவைத் தொடங்கினார். தம்மை வெளியிட எவரும் முன்வராத நிலையில் 1983இல் மூன் என்ற நிறுவனத்தைத் தாமே தொடங்கினார். ஹெப்கற், ஸ்லக்கர்ஸ் போன்ற குழுக்களின் முதல் இசைத்தட்டுகள் 1990களில் மூன் வெளியீடுகளாக வந்தன. கீழை மன்ஹற்றனில் ஒரு சிறு கடையும் தபால்வழி விற்பனையும் அதன் மூச்சுக்குழாய்கள்.

சஞ்சிகை எப்படி வியாபாரமாகிறது என்பதை வட இங்கிலாந்து நண்பரிடமிருந்தே கற்றோம். அவர் ஓர் இசைத்தட்டை விதந்து எழுதுவார். வாசித்தவர் தன் ஊர்க் கடையில் கேட்பார். கடைக்காரர் கையை விரிப்பார். வாசகரின் கடிதம் சஞ்சிகைக்கு வரும்: 'இதை எங்கே வாங்குவது?' பத்துக் கடிதங்கள் சேர்ந்த ஒரு நாளில் அவர் நியூயோர்க்குக்கு எழுதி இருபத்தைந்து பிரதிகள் வருவித்தார். பதினெட்டை விற்றால் முதல் திரும்பும். மிச்சத்தின் இலாபம் அடுத்த இதழின் போட்டோகொப்பிச் செலவு. சில நிறுவனங்களோடு காசே கைமாறாது. இங்கிருந்து இருபது தட்டு, அங்கிருந்து இருபது தட்டு, பண்டமாற்று.

கடைசி நான்கு பக்கங்கள் தட்டச்சு செய்த விலைப்பட்டியல். 'பல தட்டுகள் ஒரேயொரு பிரதிதான் உண்டு, ஆதலால் மாற்றுத் தெரிவுகளையும் எழுதவும்' என்று மேலே ஒரு குறிப்பு இருக்கும். வெளிநாட்டுக்காரர் பதில் வேண்டுமானால் சர்வதேசப் பதிலஞ்சல் கூப்பன் வைக்க வேண்டும். 1906இல் ரோம் தபால் மாநாட்டில் உருவான அந்தக் கூப்பனை எந்த நாட்டுத் தபாலகத்திலும் கொடுத்து முத்திரை வாங்கலாம். எங்களைப் போன்றோரின் சஞ்சிகைகள் அதன் புண்ணியத்தில்தான் நாடு தாண்டின. பிரித்தானியத் தபாலகங்கள் 2011ஆம் ஆண்டின் முடிவோடு அதன் விற்பனையை நிறுத்திவிட்டன. முத்திரையின் மேல் மெல்லப் பசை பூசினால் தபாலகத்தின் குத்து பசையில் மட்டும் விழும், தண்ணீரில் கழுவி மறுபடி ஒட்டலாம் என்ற இரகசியத்தையும் அவரே சொல்லித் தந்தார். நாங்கள் அதைச் செய்தோமா என்று இங்கே எழுதுவதாக இல்லை.

அக்காலத்தில் ஜெர்மனியிலிருந்து 'தூண்டில்', நோர்வேயிலிருந்து 'சுவடுகள்', சுவிஸிலிருந்து 'மனிதம்' என்று புலம்பெயர்ந்த தமிழர்களின் சஞ்சிகைகள் தபாலில் அலைந்துகொண்டிருந்தன. அகதி முகாமின் முகவரி அடுத்த இதழுக்குள் மாறிவிடும். எங்களுக்கும் அந்த ஆசை பிடித்தது. கவிதை, மொழிபெயர்ப்பு, சண்டை என்று ஏழு இதழ்கள் கொண்டுவந்தோம். ஆண்டுச் சந்தாவுக்கு நான்கு இதழ் என்று வாக்களித்திருந்தோம். ஏழாவது இதழோடு கையிலிருந்த பணமும் எங்களுக்கிடையிலிருந்த பொறுமையும் ஒருங்கே தீர்ந்தன. எண்பத்து மூன்று சந்தாதாரர்களுக்கு ஆளுக்கு ஓர் இதழ் கடன் இருந்தது. அறிவித்தல்கூட அனுப்பவில்லை. சிற்றிதழ் என்றால் நின்றுபோவதுதானே மரபு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். இப்போது யோசித்தால், அந்த மரபு எங்களுக்கு மிகவும் வசதியாக இருந்தது.

*

1997இல் அமெரிக்காவில் ஸ்கா திடீரெனப் பெரும் பணமாயிற்று. மைற்றி மைற்றி பொஸ்ரோன்ஸ் குழுவின் பாட்டு வானொலியெங்கும் ஒலித்தது. பெரிய நிறுவனங்கள் குழுக்களை வளைத்துப் போட்டன. கடைகள் பெட்டி பெட்டியாக வருவித்தன. ஆனால் விற்காததைத் திருப்பி அனுப்பலாம் என்ற ஒப்பந்தத்தில் போன பெட்டிகள் அவை. இரண்டே வருடங்களில் மோகம் வடிந்தபோது பெட்டிகள் திரும்பி வந்தன, பணம் வரவில்லை. பல வருடங்கள் சிறிதாக இருந்து பிழைத்தவர்களை இரண்டு வருடங்கள் பெரிதாக இருந்தது விழுத்தியது. மூன் நிறுவனம் 2000இல் மூடப்பட்டது.

எங்கள் வட இங்கிலாந்து நண்பரும் அதே வெள்ளத்தில் அகப்பட்டார். 1999 பெப்ரவரியில் நான்கு இசைத்தட்டுகளுக்கு இருபத்திரண்டு பவுண் போஸ்டல் ஓடர் அனுப்பியிருந்தோம். பதில் இல்லை. இரண்டு கடிதங்கள் எழுதினோம். இரண்டாவது கடிதத்தில் சற்றுக் கடுமையான ஒரு சொல் இருந்தது. பிறகு விட்டுவிட்டோம்.

பதினான்கு மாதங்களுக்குப் பின், 2000 ஏப்ரலில், மட்டையில் சுற்றிய பொதி வந்தது. கேட்ட நான்கில் மூன்று. நான்காவதுக்குப் பதிலாக, மாற்றுத் தெரிவாக நாங்கள் எழுதியிருந்ததல்ல, அவரது சொந்தச் சேகரிப்பிலிருந்து எடுத்த ஒரு பழைய ஸ்கற்றலைற்ஸ் தட்டு. கடிதம் ஒரு பக்கந்தான். வியாபாரம் முடிந்துவிட்டது என்றும், சஞ்சிகை இனி வராது என்றும், பகல் வேலையின் சம்பளத்தில் ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று பொதிகளாக, கொடுக்க வேண்டியவர்களுக்குத் திகதி வரிசையில் அனுப்பிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தார். எங்களுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். எங்கள் கடுஞ்சொல்லைப் பற்றி ஒன்றும் இல்லை. பழைய தட்டின் உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம்: லேபலில் உள்ள பெயர் தவறு, வாசித்தவர்கள் இன்னார் இன்னார் என்று ஆறு பெயர்கள்.

அன்றிரவு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. மறுவாரம் ஒருவர் சந்தாக் கொப்பியைத் தேடி எடுத்தார். மற்றவர் ஏன் என்று கேட்கவில்லை.

எட்டாவது இதழை 2001இல் கொண்டுவந்தோம். நாற்பது பக்கங்கள். அதைச் சிறந்த இதழ் என்று சொல்ல மாட்டோம். பாதிக்குமேல் எங்கள் இருவரின் எழுத்தே, ஏனெனில் கேட்பதற்கு வேறு எவரும் அப்போது எம்மோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. முதற்பக்கத்தில் இது கடைசி இதழ் என்றும், ஐந்து வருடத் தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றும் போட்டோம். எண்பத்து மூன்று உறைகளிலும் பெயர்களைக் கையால் எழுதினோம். எழுதும்போதுதான் தெரிந்தது, அந்தப் பெயர்களில் முக்கால்வாசியை நாங்கள் அதற்கு முன்பு ஒருபோதும் ஒரு மனிதராக நினைத்துப் பார்த்ததில்லை என்பது.

பத்தொன்பது உறைகள் 'இம்முகவரியில் இல்லை' என்று திரும்பின. பதினொரு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் திட்டியிருந்தார், நியாயமாகவே. நோர்வேயின் பேர்கன் நகரிலிருந்து ஒருவர், இது கடைசி இதழ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தும், அடுத்த வருடத்துக்கான சந்தாவை அனுப்பியிருந்தார். அதைத் திருப்பி அனுப்பியபோது உண்டான வருத்தம், எங்கள் சஞ்சிகை வாழ்வில் வேறெந்த விமரிசனத்தாலும் உண்டாகவில்லை.

*

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து, புலம்பெயர் சஞ்சிகைகளை மின்வடிவில் சேகரித்து வருவதை நண்பர்கள் அறிவார்கள். எங்களது எட்டு இதழ்களையும் அங்கு கொடுப்பதற்காகத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். திரும்பிவந்த பத்தொன்பது உறைகளை மட்டும் பிரிக்க மனம் வரவில்லை. உங்களிடமும் இப்படியொரு பெட்டி இருந்தால், வீசுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். அதற்குள் கடன் கணக்கு ஏதும் இருக்கக்கூடும்.

ஸ்கா சஞ்சிகையின் ஒன்பது இதழ்கள் புதிய வீட்டுக்கும் எங்களோடு வந்துவிட்டன. பழைய தட்டும் இருக்கிறது. துண்டுக் காகிதம் மங்கத் தொடங்கியிருந்ததால், அந்த ஆறு பெயர்களையும் புதிய தாளில் படியெடுத்து உறைக்குள் வைத்திருக்கிறோம்.