டி டிரைவைக் காணோம்

சென்னை ரிச்சி தெருவில் விற்பதெல்லாம் தரைத்தளத்தில், பழுது பார்ப்பதெல்லாம் மாடியில். கீபோர்டு, சார்ஜர், சிசிடிவி கேமரா என்று வாசல்வரை அடுக்கிய கடைகளுக்கு இடையே சில படிக்கட்டுகள் போகின்றன. எதிரே ஆள் வந்தால் ஒருவர் திரும்பி இறங்கியாக வேண்டும், அவ்வளவு குறுகல். அப்படி ஒரு படியேறி நான் போன அறையில் தொழில், டேட்டா ரெக்கவரி. அதிகம் வரும் புகார், "டி டிரைவைக் காணோம்."

கடையை நடத்துபவர் திருநெல்வேலிப் பக்கம். அந்த மாடி முழுக்க அவருக்கு அண்ணாச்சி என்றுதான் பெயர். ரேடியோ, டேப் ரெக்கார்டர் உதிரி பாகங்கள் விற்ற காலத்திலேயே இந்தத் தெருவுக்கு வந்துவிட்டவர். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்ப்பது, விழுப்புரம் பக்கம் டிப்ளமோ முடித்துவிட்டு வந்த ஒரு பெண். தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். "நாளைக்கு வேற கடைக்குப் போனா, இதப் படிச்சிட்டு எடக்கு மடக்கா கேப்பாங்க சார்."

வாடிக்கையாளரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா என்ன பண்ணீங்க?" எல்லோரும் சொல்லும் பதில், "ஒண்ணுமே பண்ணல மேடம்." இந்தப் பதிலை அவர் ஜாப் நோட்டில் எழுதுவதே இல்லை. கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், கரண்ட் போனது, அக்கா பையன் வந்து விண்டோஸ் போட்டது, யூடியூபைப் பார்த்து ஏதோ கட்டளை அடித்தது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுப்பார்.

அடுத்தது கேபிள். கம்ப்யூட்டரைப் போட்டதும் பயாஸ் திரையில் டிஸ்கின் பெயர் வருகிறதா என்று பார்ப்பார். வராவிட்டால் விண்டோஸுக்குள் போய்த் தேடுவதில் பயனே கிடையாது. பழைய சாட்டா கேபிளைப் பிடுங்கி வேறொன்றை மாட்டுவார். காணாமற்போன டிஸ்க் சில சமயம் அதிலேயே வந்து நிற்கும். அதற்கும் மசியாவிட்டால் டிஸ்கைத் திருப்பி, சர்க்யூட் போர்டைக் கழற்றி, கறுத்துப்போன தொடுபுள்ளிகளைப் பென்சில் அழிரப்பரால் தேய்ப்பார். அந்த ரப்பர் மேசையில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது.

நான் அங்கே இருந்தபோது ஒரு கணக்கர் வந்தார். சின்ன கம்பெனிகளுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவர். அலுவலகக் கம்ப்யூட்டருக்குப் புது எஸ்எஸ்டி போட்டு விண்டோஸை அதில் ஏற்றியிருக்கிறார்கள். வேகம் வந்தது, டேலி போய்விட்டது. திறந்தால் கம்பெனிகளின் பட்டியல் காலி. டி டிரைவைப் பார்த்தால் அதில் ஏதோ பழைய விண்டோஸ் ஃபோல்டர்கள். "மொத்தமும் அழிஞ்சிடுச்சுங்களா?" என்று கேட்டபோது மனிதர் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

எதுவும் அழியவில்லை. விண்டோஸ் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஓர் எழுத்து கொடுக்கிறது. அந்த எழுத்து டிஸ்கில் பொறிக்கப்பட்டது அல்ல. எந்த டிஸ்கின் எந்தப் பகுதிக்கு எந்த எழுத்து என்பதை விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில்தான் குறித்து வைத்துக்கொள்கிறது. புது விண்டோஸுக்குப் பழைய குறிப்பு தெரியாது. தன் வரிசைப்படி எழுத்தைக் கொடுத்ததில் பழைய சி இப்போது டி ஆகிவிட்டது, பழைய டி இ-க்குத் தள்ளப்பட்டுவிட்டது. டேலியோ முன்பு போலவே டி-யில் தேடுகிறது. அந்தப் பெண் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, டி-யை எக்ஸ் ஆக்கி, இ-யை டி ஆக்கினார். டேலியை மூடித் திறந்ததும் எல்லாக் கம்பெனிகளும் இருந்தன.

சங்கடம் அதற்குப் பிறகுதான். 500 ரூபாய் என்றார் அண்ணாச்சி. "எழுத்த மாத்துனதுக்கா?" என்றார் கணக்கர், சற்று முன் வியர்த்த அதே மனிதர். பேசி 300க்கு முடிந்தது. அவர் போனபின் அண்ணாச்சி சிரித்தார். "இதையே நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருந்தா, ரெண்டாயிரம் கேட்டாலும் குடுத்துட்டுப் போயிருப்பாரு. இங்க சில பேரு அப்படித்தான் செய்யுறாங்க." இந்தத் தெருவில் எனக்குக் கிடைத்த தகவல்களில் இதை முக்கியமானதாக நினைக்கிறேன். ஒரு நிமிடத்தில் தீரும் பிரச்சினையை ஒரு நிமிடத்தில் தீர்ப்பவருக்கு இங்கே வருமானம் குறைவு. உடனே கை வைக்காமல் என்ன நடந்தது என்று யோசிக்கிற அந்த நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை.

எழுத்து இடம் மாறுவதுபோலவே, இல்லாத எழுத்து முளைப்பதும் உண்டு. 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு, மறைந்திருக்க வேண்டிய ரெக்கவரி பார்ட்டிஷனுக்குப் பல கம்ப்யூட்டர்களில் எழுத்து கிடைத்துவிட்டது. சில நூறு எம்பி மட்டுமே கொண்ட ஒரு டிரைவ், சிவப்புக் கோட்டோடு, இடம் தீர்ந்துவிட்டது என்று ஓயாமல் எச்சரித்தது. அந்த எழுத்தை நீக்கினால் போதும். பலர் உள்ளே இருந்ததை நீக்கினார்கள். அண்ணாச்சிக்கு அது நல்ல சீசன்.

பார்ட்டிஷன் உண்மையிலேயே மறைவது வேறு கதை. 1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டியும் டாஸ் 2.0வும் வந்தபோது வகுத்த முறைப்படி, டிஸ்கின் முதல் 512 பைட்டில் 64 பைட்தான் பார்ட்டிஷன் பட்டியலுக்கு. வரிக்கு 16 பைட்டாக நாலே வரி. எங்கே தொடக்கம், எவ்வளவு நீளம், என்ன வகை என்பவைதான் அந்த வரியில் இருக்கும் முக்கியமான சேதிகள். அந்த 64 பைட் கெட்டால் ஒரு டெராபைட் டிஸ்க் முழுக்கக் காலி என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். "நெலம் அங்கேயேதான் சார் இருக்கு, பட்டாதான் தொலைஞ்சிருக்கு" என்றார் அந்தப் பெண். இரண்டு டெராபைட்டுக்கு மேல் இந்தப் பட்டியலுக்குக் கணக்குத் தெரியாது என்பதால் பின்னால் ஜிபிடி வந்தது. 128 வரி, டிஸ்கின் கடைசியில் ஒரு நகல். முன்னால் இருப்பது கெட்டாலும் பின்னால் இருப்பதை வைத்துச் சரிசெய்யலாம். நாற்பதாண்டுப் பழக்கமான அந்த நாலு வரி முறையில் நகல் என்பதே கிடையாது.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண போட்டோகிராபரின் 1 டெராபைட் டிஸ்க் வந்திருந்தது. அவர் ஊர்க் கடையில் விண்டோஸ் போடச் சொன்னபோது, அங்கிருந்த பையன் இருந்த பார்ட்டிஷன்களையெல்லாம் டெலிட் செய்து ஒன்றாக்கி, அதில் போட்டுவிட்டான். டி-யில் இருந்த ஒரு சீசனின் கல்யாணங்கள் போயின. ஆல்பம் இன்னும் கொடுக்காத கல்யாணங்கள்.

டிஸ்க் கைக்கு வந்ததும் அந்தப் பெண் அதை நேரடியாகத் திறக்கவில்லை. லினக்ஸில் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரில், எழுத முடியாதபடி மாட்டி, டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்தார். வேலையெல்லாம் பிரதியில்தான்; அசலைப் பஞ்சு கவரில் போட்டு லாக்கரில் வைத்துவிடுவது அண்ணாச்சியின் கறாரான விதி. நொடிக்கு நூறு எம்பி என்று வைத்தாலே மூன்று மணி நேரம் பிடிக்கும். அதுவரை அவர் லன்ச் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார், இரண்டு லேப்டாப்பின் ஃபேனைத் துடைத்தார், சார்ஜர் கேட்டு மாடி ஏறி வந்தவர்களைக் கீழே அனுப்பினார்.

பிறகு டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்டோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் மென்பொருள் இது. கறுப்புத் திரை, மவுஸுக்கு வேலையில்லை. இதைப் பார்த்து முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்களுக்காகவே சில கடைகளில் வண்ணமயமான வேறெதையாவது ஓடவிடுவார்களாம். டெஸ்ட்டிஸ்க் பட்டியலை நம்புவதில்லை. டிஸ்க் நெடுக பார்ட்டிஷன் தொடக்கத்தின் அடையாளத்தைத் தேடிக்கொண்டு போகிறது. அந்த அடையாளம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஹெக்ஸ் எடிட்டரைத் திறந்து காட்டினார். பக்கம் பக்கமாக எண்கள். அவர் விரல் ஓரிடத்தில் நின்றது: இபி, 52, 90, அதை ஒட்டி வலப்பக்கம் என், டி, எஃப், எஸ் என்ற நான்கு எழுத்துகள். அந்த செக்டாரின் கடைசியில் 55, ஏஏ. "இதான் பழைய டி-யோட வாசப்படி" என்றார். என்டிஎஃப்எஸ் இந்த செக்டாரின் நகல் ஒன்றைப் பார்ட்டிஷனின் கடைசியில் வைத்திருக்கும். புதிதாகப் போட்ட ஒற்றைப் பார்ட்டிஷனும் அதே இடத்தில் முடிந்ததால் அந்த நகல் மேலெழுதப்பட்டுவிட்டது. முன்னால் இருந்தது தப்பியது, ஏனென்றால் புது விண்டோஸ் பெரும்பாலும் டிஸ்கின் தொடக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

கண்டுபிடித்த பார்ட்டிஷன் பச்சை நிறத்தில் வந்து நின்றது. பி-யை அழுத்தினார். ஃபோல்டர்களின் பெயர்கள் இறங்கின: மணமக்கள் பெயர், தேதி, மண்டபம். யார் வீட்டுக் கல்யாணமோ, எனக்கே நிம்மதியாக இருந்தது. ரைட் என்ற கட்டளையைக் கொடுத்துப் பட்டியலைத் திருத்தலாம். அவர் அதைத் தொடவில்லை. ஃபைல்களை வேறு டிஸ்குக்குக் காப்பி போட்டார். சில ஃபோல்டர்களில் படங்கள் பாதிக்கு மேல் சாம்பலாகத் திறந்தன. புது விண்டோஸ் நடுவில் எங்கெங்கோ எழுதியிருக்கிறது. போனில் போட்டோகிராபரிடம் அதை அப்படியே சொன்னார். விண்டோஸ் போட்டபின் ஐந்து நாள் கம்ப்யூட்டரை ஓட்டாமல் இருந்திருந்தால் அவையும் கிடைத்திருக்கும் என்பதைச் சொல்லவில்லை. எதற்கு என்று கேட்டேன். "இனிமே சொல்லி என்ன ஆவப்போவுது?"

அவரை உண்மையில் எரிச்சல்படுத்துவது, டிஸ்கைச் சரிபார்க்க விண்டோஸிலேயே இருக்கும் செக்டிஸ்க். டிரைவ் ஒன்று ரா என்று காட்டி, ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும்போது, கேன்சல் கொடுக்கும் அளவுக்கு விவரமானவர்களே அடுத்ததாக செக்டிஸ்கை ஓட்டிவிடுகிறார்கள். சாகப்போகிற டிஸ்கில் அது மணிக்கணக்காகத் தேய்க்கும். குழம்பிய பார்ட்டிஷனில் அது தனக்குப் புரிந்தபடி சீர்செய்து, ஃபைல்களைப் பெயரில்லாத துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும். "ஃபார்மட் அடிச்சவங்களதக்கூட எடுத்துடுவேன் சார்."

எஸ்எஸ்டியில் அந்தத் தைரியமும் செல்லாது. ஃபார்மட் அடித்த உடனே டிரிம் கட்டளை போய்விடுகிறது. காலியான இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்துக்கொள்கிறது. பிரதி எடுத்துப் பார்த்தால் வரிசையாகப் பூஜ்யம்தான். தேடிக் கண்டுபிடிக்க வாசற்படி எதுவும் மிச்சமிருக்காது.

மாலையில் வந்த கல்லூரி மாணவனின் லேப்டாப்பில் எல்லாமே இருந்தது, எதையும் திறக்க முடியவில்லை. சர்வீஸில் மதர்போர்டு மாற்றியிருக்கிறார்கள். இப்போது பிட்லாக்கர் 48 இலக்கச் சாவியைக் கேட்கிறது. பிட்லாக்கர் என்ற சொல்லையே அவன் அன்றுதான் கேள்விப்படுகிறான். 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பில், புதிதாக அமைக்கும்போதே பல கம்ப்யூட்டர்களில் அது தானாகப் பூட்டிக்கொள்கிறது. அவனுடைய போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறக்கச் சொல்லி அந்தப் பெண் பார்த்தார், சாவி இல்லை. லேப்டாப்பை முதலில் அமைத்தபோது எந்த மெயில் ஐடி கொடுத்தாய் என்று கேட்டதற்கு, நெடுநேரம் யோசித்து, காலேஜ் ஐடி என்றான்.

"அப்ப சாவி உங்க காலேஜ் ஐடி டிபார்ட்மென்ட்ல இருக்க வாய்ப்பிருக்கு தம்பி. அட்மினப் போய்ப் பாரு, லெட்டர் கேட்டா எழுதிக் குடு. அதுவரைக்கும் யாரு சொன்னாலும் ரீசெட் மட்டும் குடுத்துடாத."

லேப்டாப்பை இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டான். ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள இடமில்லை என்றார் அண்ணாச்சி, ரசீதுப் புத்தகத்தைத் தேடியபடி.