எட்டடிப் பலகை

பத்தரை அடிப் பலகையை விட்டு எட்டடிப் பலகைக்கு மாறுவது, கேட்பவர்க்கு அற்பச் செய்தியாகத் தோன்றலாம். இரண்டரை அடிதானே குறைகிறது என்பார்கள். கடலின்மேல் நின்று துடுப்பு வலிக்கிறவருக்கோ, அந்த இரண்டரை அடியும் அகலத்தில் குறையும் நான்கு அங்குலமும் சேர்ந்து வேறோர் உலகத்தையே காட்டிவிடுகின்றன. ஐம்பத்தைந்து வயதில், தேய்ந்துவரும் ஒரு முழங்காலோடு, நாம் அந்த உலகில் நான்கு காலை வேளைகள் இருந்து பார்த்தோம். அதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

நின்றுகொண்டே துடுப்பு வலித்துச் செல்லும் பலகைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டேண்ட்-அப் பேடில் போர்டு' என்று நீண்ட பெயர். நம் கடற்கரை இளைஞர் நாவில் அது 'சப்' என்று சுருங்கிவிட்டது. ஹவாய்த் தீவுகளில், வைக்கிக்கி கடற்கரையில் அலைச்சறுக்குக் கற்பித்தவர்கள், தங்கள் மாணாக்கரைக் கண்காணிக்கவும் நிழற்படம் எடுக்கவும் நீண்ட பலகைமேல் நின்றபடி ஓடத் துடுப்பை வலித்துச் செல்லும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இருந்தது. பிறகு அது ஏறக்குறைய மறைந்துபோயிற்று. 2000ஆம் ஆண்டை ஒட்டி லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா முதலிய அலைவீரர்கள் அதனை மீண்டும் கையிலெடுக்க, சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவிற்று. பன்னாட்டு அலைச்சறுக்குச் சங்கம் இதற்கெனத் தனி உலகப் போட்டியை 2012இல் பெரு நாட்டில் தொடங்கியது. சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவிலுள்ள கோவளத்திலும் இது வேரூன்றிவிட்டது. அங்கே மீனவக் குடும்பத்து இளைஞர்களே அலைச்சறுக்கு ஆசிரியர்களாக விளங்குகிறார்கள். அப்பன் பாட்டன் காலத்துக் கடலறிவு, அவர்களிடம் வேறொரு பிழைப்பாக உருமாறியிருக்கிறது.

தொடக்கத்தில் இப்பலகைகள் எல்லாம் பதினொன்று, பன்னிரண்டு அடி நீளமுள்ளவை. தோணியைப் போல் அமைதியாக மிதக்கும். அலை வந்தால் நேரே கரைக்குக் கொண்டுபோய் விடும். அலையின் முகத்தில் வளைந்து திரும்பி ஏறி இறங்க வேண்டும் என்ற ஆசை வந்தபோதுதான் நீளம் குறையத் தொடங்கிற்று. முனையும் வாலும் ஒடுங்கின, விளிம்புகள் மெலிந்தன, முன்பகுதி மேல்நோக்கி வளைந்தது. ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் 1981இல் அலைச்சறுக்குப் பலகைக்கு அறிமுகப்படுத்திய மூன்று ஃபின் அமைப்பு இதன் அடியிலும் இடம்பெற்றது. சுருங்கச் சொன்னால், இது துடுப்பு கொண்டு ஓட்டும் அலைச்சறுக்குப் பலகையே. தோணியின் குணம் இதில் மிகக் கொஞ்சம்.

இங்கே சிறிது கணக்குப் பார்க்க வேண்டும். வாசகர் பொறுத்தருள்க. நாம் மூன்றாண்டுகளாகப் பழகிய பலகை 32 அங்குல அகலம், 180 லிட்டர் கொள்ளளவு. இளைஞர் ஒருவரிடம் இரவல் பெற்ற எட்டடிப் பலகையோ 28 அங்குல அகலம், 115 லிட்டர். நம் எடை 74 கிலோ, பலகையின் எடை 8 கிலோ. ஆர்க்கிமிடீஸ் வகுத்த விதிப்படி, கடல்நீரில் 115 லிட்டர் ஏறக்குறைய 118 கிலோவைத் தாங்கும். ஆகவே மூழ்கிவிடுமோ என்ற அச்சத்திற்கு இடமில்லை. ஆயினும் பழைய பலகையில் பாதிக்கும் குறைவான பகுதியே நீருக்குள் அமிழும். புதியதில் பத்தில் ஏழு பங்கு அமிழ்ந்துவிடுகிறது. சிற்றலை ஒவ்வொன்றும் பலகையின்மேல் ஏறிக் கால்விரல்களை நனைத்துவிட்டே செல்கிறது. பக்கவாட்டில் சாயாமல் நிற்கும் ஆற்றலோ, சுமை ஒன்றாயிருக்கையில், நீளத்துக்கு நேர்விகிதத்திலும் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பவும் அமைகிறது என்பது கப்பல் கட்டுவோர் அறிந்த கணக்கு. 32 அங்குலம் 28 ஆகும்போதே அவ்வாற்றலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நீளமும் குறைவதால் எஞ்சுவது சரிபாதி. நான்கு அங்குலம் என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் அளவின் விலை அதுதான்.

பலகை விற்பவர்கள் லிட்டர் கணக்கை மட்டுமே வேதவாக்காக ஓதுகிறார்கள். நம் கருத்தில் அது பாதி உண்மையே. அதே 115 லிட்டரை அகலமாகவும் தட்டையாகவும் வார்க்கலாம். ஒடுக்கமாகவும் தடிப்பாகவும் வார்க்கலாம். கையாள்பவனின் கால்களுக்கு அவை இரண்டும் இரண்டு வெவ்வேறு பலகைகள்.

ஜூலை மாதம். தென்மேற்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காலம். கரையை நோக்கி வரும் அலையை அது எதிர்கொண்டு, அலைமுகத்தை வழவழப்பாகத் துடைத்துவிடுகிறது. தெற்கே இந்தியப் பெருங்கடலில், எங்கோ வீசிய புயல்களில் பிறந்த நீளலைகள் ஆயிரக்கணக்கான கி.மீ. கடந்து வந்து, கோவளத்துப் பாறைமுனையைச் சுற்றி வளைந்து, வடக்கு நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக உடைகின்றன. பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். எனவே விடியற்காலையே இதற்கு உகந்த நேரம்.

முதல் நாள் முப்பது மீட்டர் செல்வதற்குள் ஏழு முறை நீரில் விழுந்தோம். பெரிய பலகையில் நின்று தொலைவானத்தைப் பார்த்து இளைப்பாறலாம். இதில் நின்றால் விழ வேண்டியதுதான். மிதிவண்டியைப் போல, ஓட்டத்தில்தான் அதற்கு நிலை. இன்னொரு தொல்லையும் உண்டு. நீளம் குறைந்தமையால் நேர்கோட்டில் செல்லும் குணமும் குறைந்துவிடுகிறது. வலப்பக்கம் இருமுறை வலித்தால் முனை இடப்பக்கம் ஓடிவிடும். துடுப்பின் தண்டைச் செங்குத்தாக, பலகையின் விளிம்பை உரசுமாறு பிடித்து, குறுகிய வீச்சாகக் காலுக்கு முன்னேயே வலித்து முடித்துவிட வேண்டும். துடுப்பும் தலையுயரத்துக்குச் சற்றே மிகுந்ததாக இருந்தால் போதும். இவையெல்லாம் இளைஞர்கள் நமக்குச் சொல்லித் தந்தவை. கேட்டோம், செய்தோம், மீண்டும் விழுந்தோம்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதைக் கடந்தவர். இளமை முழுவதும் கட்டுமரத்தில் சென்றவர். மூச்சுவாங்கக் கரையேறிய நம்மை அருகே அழைத்தார்.

"சாமி, அலைவாயில எவனாச்சும் நிப்பானா? நாங்க முட்டி போட்டுத்தான் போவோம். அலைக்கு அந்தாண்ட போயி நில்லுங்க."

"நின்றுகொண்டே போவதுதானே பெரியவரே இந்த விளையாட்டு?"

"வெளையாட்டு கரைக்கு வரும்போது. போகும்போது அது தொழில்." சற்றே நிறுத்தி, "துடுப்பத் தண்ணியவிட்டு எடுக்காதீங்க. எடுக்குறப்பத்தான் உழறீங்க. அது மூணாவது கால் சாமி," என்றார்.

அந்த இரண்டாம் அறிவுரை நம்மைச் சிந்திக்கவைத்தது. அடுத்த நாள் கவனித்தபோது, அவர் சொன்னது துல்லியமான உண்மை என்று தெளிந்தது. ஒரு வலிப்புக்கும் அடுத்த வலிப்புக்கும் இடையே துடுப்பு காற்றில் தொங்கும் அந்தக் கணத்தில்தான் உடல் சாய்கிறது. துடுப்பின் இலையை நீரின்மேல் தட்டையாக வைத்து அழுத்தினால், நீர் நம்மைத் தாங்கிப் பிடித்து நிமிர்த்துகிறது. இதற்குப் பயிற்சி நூல்களில் வேறு பெயர்கள் உள்ளன. அலை உடையும் வெண்ணுரைப் பட்டையை முழந்தாளிட்டே கடந்தோம். முழங்கால் வலித்தது. ஆயினும் விழவில்லை. அதற்கு அப்பால் எழுந்து, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாகச் சற்றே கோணலாக வைத்து நின்றபோது, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஒருசேரச் சமன் செய்ய இயன்றது.

விழுவதற்கும் முறை உண்டு. ஆழம் குறைந்த இடத்தில் தலைகீழாகப் பாயலாகாது. பலகைக்கு விலகி, உடலைத் தட்டையாகப் பரப்பி விழ வேண்டும். வரும் அலைக்கும் நமக்கும் நடுவே பலகை நிற்கக் கூடாது. அலை அதனைத் தூக்கி நம்மீதே எறிந்துவிடும். கணுக்காலில் கட்டிய கயிறு அறுந்தால் பலகை கரைக்கு ஓடும், குளிக்கும் குழந்தைகளை நோக்கி. எல்லாவற்றுக்கும் மேலாக, மீன்பிடித்துத் திரும்பும் படகு வருமாயின், எத்தனை நல்ல அலையாயினும் விட்டு விலக வேண்டும். அவர்கள் கரை அது. நாம் விருந்தினர்.

நான்காம் நாள் காலை ஓர் அலை கிடைத்தது. அதை விவரிக்குமுன் ஒன்று. மூன்றடி அலை ஏறக்குறைய நான்கடி ஆழத்தில் உடைகிறது. அப்போது அதன் வேகம் வினாடிக்கு மூன்றரை மீட்டர். நீண்ட பலகை நல்ல ஓட்டமுடையதாகையால், அலை உடைவதற்கு வெகுமுன்பே அதன் வேகத்தை எட்டிச் சாவகாசமாக ஏறிக்கொள்ளும். குறும்பலகைக்கு அந்த ஓட்டமில்லை. உடையும் இடத்திற்கு வெகு அருகில், அலைமுகம் செங்குத்தாக நிமிரும் வேளை வரை காத்திருக்க வேண்டும். நான்கைந்து வலிப்புகளில் தீர்மானம் முடிந்துவிட வேண்டும். அரைமனத்தோடு வலிப்பவரை அது அலையின் பின்னால் விட்டுவிடும். தயங்கி முன்னே சாய்பவரை முனையோடு குத்திக் கவிழ்த்துவிடும்.

அன்று ஐந்து முறை வலித்தோம். பின்பகுதி உயர்ந்தது. பின்னங்காலை வாலை நோக்கி ஓரடி நகர்த்தினோம். அந்த நொடியில், அதுவரை நம்மை அலைக்கழித்த அதே பலகை கல்தரையைப் போல் உறுதியாயிற்று. காரணம் எளிது: வேகம் வந்ததும் நீர் பலகையின் அடியை முட்டி மேலே தூக்குகிறது, ஃபின்கள் பிடித்துக்கொள்கின்றன, மிதப்பாற்றலுக்கு வேலையில்லை. ஆனால் அதை உள்ளங்கால் உணரும்போது காரணம் எதுவும் நினைவுக்கு வருவதில்லை. வலப்பக்கம் துடுப்பை ஊன்றி, பின்னங்காலை அழுத்தினோம். பெரிய பலகையானால் நான்கு எட்டு பின்னே நடந்து, கெஞ்சித் திருப்ப வேண்டிய திருப்பம். இது நினைத்தவுடன் திரும்பிற்று. அலையின் முகத்தில் மேலேறி, மீண்டும் கீழிறங்கி, இன்னொரு முறை மேலேறியபோது அலை தீர்ந்துபோயிற்று. எல்லாம் பன்னிரண்டு வினாடிக்குள். கரையிலிருந்து இளைஞர்கள் விசிலடித்தார்கள். முழங்கால் அன்றிரவு வீங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் கோயில் படிகளைப் பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது.

ஆங்கிலத்துக்கு 'கட்டமரான்' என்ற சொல்லைத் தந்தது நம் கட்டுமரம். இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை. ஓட்டை என்று ஒன்று அதற்கில்லை, ஏனெனில் உள்ளே வெற்றிடமே இல்லை. அலை மேலேறினால் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். சென்னையில் துறைமுகம் உருவாவதற்கு முன், நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதம் கொண்டு சென்றவர்கள் கட்டுமரக்காரர்களே. அவர்கள் கடந்த அலைவாயைக் கண்டு ஐரோப்பியர் தம் நூல்களில் வியந்து எழுதினார்கள். கடந்த சில பத்தாண்டுகளில் இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகுகள் அதன் இடத்தைப் பிடித்தன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக அத்தகைய படகுகளே மிகுதியாக வழங்கப்பட, மாற்றம் விரைந்தது. படகு வேகமானது, பாதுகாப்பானது, அதிகம் பிடிக்கிறது. அதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் எரிபொருளுக்கும் பங்காளிகளுக்கும் காத்திராமல், விடியலில் தனியொருவனாக மரத்தைத் தள்ளிச் சென்று, வீட்டுக்கு வேண்டிய மீனோடு திரும்பும் சுதந்திரம் அத்தோடு போயிற்று. நம் முதியவரின் மரமும் அந்த ஆண்டில் போனதுதான். அதன்பின் மகனின் படகில் ஏறிப் பார்த்தார். தூக்கி எறியும் வேகத்தை இடுப்பு தாங்கவில்லை. இருபதாண்டுகளாக வலை பிரிக்கிறார்.

ஐந்தாம் நாள் குறும்பலகையை உரியவரிடம் ஒப்படைத்தோம். எட்டே முக்காலடி நீளமும் முப்பது அங்குல அகலமும் உடையதொன்று நம் வயதுக்குப் பொருந்தும் என்பது அவ்விளைஞரின் தீர்ப்பு. "பெரிய பலகையை வித்துரலாம் சாமி, நல்ல விலை போகும்," என்றும் சொன்னார். முதியவர் அப்போது நம் பெரிய பலகையின் அருகே குந்தி, அதைச் சாண்சாணாக அளந்துகொண்டிருந்தார்.

"இது எத்தினி கிலோ தாங்கும் சாமி?"

"நூற்றைம்பதுக்கு மேல் தாங்கும்."

மறுநாள் விடியலில் அவர் முழந்தாளிட்டு அதன்மேல் அமர்ந்து, துடுப்பை நடுவில் பிடித்து இருபுறமும் மாறிமாறி வலித்துச் சென்றார். இளைஞர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அலைவாயில் ஒரு கணம் நின்றார். மூன்று அலைகளைப் போகவிட்டார். நான்காவதற்கு முன் கடந்துவிட்டார். சட்டைகூட நனையவில்லை. ஒன்பது மணியளவில் திரும்பியபோது, பலகையின் முன்பக்கம் கட்டியிருந்த பறிக்குள் ஏழெட்டுக் கிழங்கான் மீன்கள் இருந்தன. நான்கை நம் கையில் திணித்துவிட்டு, வியாழக்கிழமையும் பலகை வேண்டும் என்றார்.