அட்டையில் எழுந்த ஊர்

நுழையும்முன்

அரண்மனைகளுக்கும் கோட்டைகளுக்கும் வரலாற்றில் இடமுண்டு. உழவரும் கருமாரும் கூலியாளரும் வாழ்ந்த வீடுகளுக்கு அவ்விடம் எளிதில் கிட்டுவதில்லை. அத்தகைய வீடுகளை அளந்து, அட்டையில் வெட்டி, சிற்றுருவாக நிலைநிறுத்திய ஒருவரின் உழைப்பையும் அதன் நுட்பத்தையும் எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

சிற்றுருத் தொடர்வண்டி

தொடர்வண்டியையும் அது செல்லும் நிலப்பரப்பையும் சிற்றுருவாக அமைத்தல் பிரிட்டனில் பலர் விரும்பி மேற்கொள்ளும் பொழுதுபோக்காகும். இஞ்சினும் பெட்டிகளும் கடைகளில் கிடைக்கும். பாதையோரத்து நிலையம், வீடு, பட்டறை ஆகியவற்றையோ பலர் தம் கையாலேயே செய்வர். அதற்கு அவர்கள் நாடும் எளிய பொருள்கள் அட்டையும் தாளும் ஆகும்.

அங்குப் பெருவழக்காக உள்ள அளவு ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அஃதாவது உண்மைப் பொருளில் ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. ஆறடி உயர மனிதர் இவ்வளவில் 24 மில்லிமீட்டர் உயரமே இருப்பார். முப்பதடி நீள வீடு 120 மில்லிமீட்டரில் அடங்கிவிடும். கத்தி அரை மில்லிமீட்டர் விலகினால், உண்மை வீட்டில் அது ஒன்றரை அங்குலப் பிழையாகும்.

வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு

இங்கிலாந்தின் தென்பகுதியில், சுண்ணக்குன்று ஒன்றின் சரிவில், ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன்னர் மக்கள் அகழ்ந்தமைத்த மாபெரும் வெண்குதிரை உருவம் உள்ளது. அதன் கீழே விரியும் நிலப்பகுதிக்கு வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்று பெயர். அங்குள்ள பழைய வீடுகள் அம்மண்ணின் பொருள்களாலேயே எழுந்தவை. குன்றின் சுண்ணக்கல், களிமண்ணில் சுட்ட செங்கல், தோப்பின் மரச்சட்டம், வயலின் கோதுமைத்தாள் ஆகியவை சுவராகவும் கூரையாகவும் அமைந்தன. இதனால் ஓர் ஊரின் வீடு அடுத்த ஊரின் வீட்டினின்று வேறுபட்டது.

1906இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த ராய் இங்கிலண்ட் 1925இல் இங்கிலாந்து வந்தார். தொடர்வண்டியில் பேரார்வம் கொண்டிருந்த அவரை இப்பள்ளத்தாக்கின் ஊர்கள் ஈர்த்தன. ஆனால், அவர் கண்ணெதிரிலேயே அவ்வூர்கள் மாறத் தொடங்கின. கோதுமைத்தாள் கூரைகள் பிரிக்கப்பட்டன. ஆலையில் செய்த கல்நார் ஓடுகள் அவ்விடத்தில் ஏறின. மாற்றத்தைத் தடுக்கும் செல்வமோ அதிகாரமோ ராயிடம் இல்லை. ஆகவே அவர் வீடுகளை அளந்தார், ஒளிப்படம் எடுத்தார், செங்கல்லின் நிறத்தையும் சுவரின் கறையையும் குறித்துக்கொண்டார். 1930களில் அவற்றை அட்டையில் எழுப்பத் தொடங்கினார்.

கத்தியும் பொறுமையும்

அட்டை வெட்டுவது சிறுவர் விளையாட்டெனத் தோன்றும். அருகிருந்து காண்பவருக்கே அதன் அருமை புலப்படும். தடித்த அட்டையை ஒரே அழுத்தில் வெட்ட முயன்றால் கத்தி சாயும், விளிம்பு கோணும். எஃகு அளவுகோலை ஒட்டி, மெல்லிய கீறல்களாகப் பலமுறை இழுத்தலே முறை. முனை மழுங்கிய கத்தி அட்டையை அறுக்காது, கிழிக்கும். எனவே, தேர்ந்தவர் அலகினை அடிக்கடி மாற்றுவர்.

சுவரின் எல்லையை வெட்டுமுன் சன்னல் துளைகளை வெட்டுதல் வேண்டும். அப்போதுதான் சுற்றியுள்ள அட்டை அசையாது பிடித்துக்கொள்ளும். துளையின் ஒவ்வொரு மூலையிலும் கத்தியைப் பதித்து நடுநோக்கி இழுத்தால், கீறல் மூலையைக் கடந்து ஓடாது. இரு சுவர்கள் கூடும் இடத்தில் அட்டையின் தடிப்பையும் கணக்கிடல் வேண்டும்; இன்றேல் வீடு ஒரு பக்கம் நீண்டுவிடும். வெட்டிய விளிம்பின் வெண்மை வெளியே தெரிந்தால், அது கல்வீடு என்னும் எண்ணம் கலையும். ஆகவே அவ்விளிம்புக்கும் வண்ணம் தீட்டுவர். பசையின் ஈரம் அட்டையை வளைக்கும் என்பதால், சுவரின் உட்புறத்தில் குறுக்குப்பட்டைகள் ஒட்டப்படும்.

சாந்தும் சேர்ந்த ஒரு செங்கல்லின் முகம் ஏறத்தாழ ஒன்பது அங்குல நீளமும் மூன்று அங்குல உயரமும் உடையது. சிற்றுருவில் அது 3 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் உயரம். முப்பதடி நீளமும் எட்டடி உயரமும் கொண்ட சுவரில், நீளப்பக்கம் மட்டும் தெரிவதாகக் கொண்டாலும் 1280 செங்கற்கள் அமையும். அவற்றுக்கிடையே சாந்துக்கோடுகளைப் பதித்து, நீர்வண்ணத்தால் செங்கற்களை வேறுபடுத்திக் காட்ட வேண்டும். சூளையில் மிகுதியாக வெந்த கல் கருஞ்சிவப்பு. குறைவாக வெந்தது வெளிர்சிவப்பு. ஒரே நிறத்தைச் சுவர் முழுதும் பூசினால் வேலை ஒரு பொழுதில் முடியும். ஆனால் அது எந்த ஊரின் சுவராகவும் இராது. பெண்டனில் சில கட்டடங்கள் நிறைவெய்த ஆண்டுகள் பல ஆயின என்பதற்குக் காரணம் இதுவே.

தாள் என்னும் சொல் தமிழில் பயிரின் தண்டையும் எழுதுபொருளையும் ஒருங்கே குறிக்கிறது. உழவர் வயலின் தாளால் கூரை வேய்ந்தனர். அக்கூரை மறைந்தபின் அதன் வடிவைக் காக்க ராய் மற்றொரு தாளை நாடினார்.

பெண்டன்

1954இல் லாங் விட்டனம் என்னும் சிற்றூரில் பெண்டன் அருங்காட்சியகம் தோன்றியது. அங்கு இளைஞர் விடுதி ஒன்றை நடத்திக்கொண்டே, குறைந்த வருவாயில் ராய் இப்பணியைத் தொடர்ந்தார். அவரது ஆர்வம் கண்டு பலர் துணைநின்றனர். 1920களிலும் 1930களிலும் அப்பகுதி இருந்த நிலையை உருவாக்குவதே அவர்களின் நோக்கம். அவர்கள் அமைத்த பெண்டன் பார்வா என்னும் ஊர் கற்பனையூர். அதன் வீடுகளோ பள்ளத்தாக்கின் பல ஊர்களில் உண்மையாக நின்றவற்றின் சிற்றுருக்கள்.

அவ்வூர் முழுமையுறுவதைக் காணாமலேயே 1995இல் ராய் மறைந்தார். எனினும், அவர் கற்பித்த முறையில் தன்னார்வலர் பணியைத் தொடர்ந்தனர். அவர் அளந்த வீடுகளுள் சில பின்னாளில் இடிந்தோ உருமாறியோ போயின. அவற்றின் செங்கல் வரிசையையும் சன்னல் சட்டத்தையும் கூரையின் சரிவையும் அறிய விரும்புவோர் இன்று பெண்டனின் அட்டைச் சுவர்களையே நாட வேண்டியுள்ளது.