வல்கூரின் பனிப்பாதையிலே

மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நம்மவர் பழமொழி. மச்சையே மூடிவிடும் பனியை நான் கண்டது 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே, கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில். மொன்றியல் நகரிலே குடியிருக்கும் என் தங்கை பல ஆண்டுகளாக வருந்தி அழைத்தவண்ணம் இருந்தாள். கல்லூரியில் விடுப்புப் பெற்றுச் சென்றேன். போய்ச் சேர்ந்த அன்றிரவே ஒரு வழக்கு என் விசாரணைக்குக் காத்திருந்தது.

எதிரி, என் மருமகன். இருபத்துநான்கு வயது இளைஞன். குற்றம், பழைய பனிவண்டி ஒன்றை விலைக்கு வாங்கி ஓட்டியது. முன் வாரம் வல்கூர் என்னும் ஊருக்கு அண்மையில், பாதை வளையுமிடத்தில் அவன் வண்டியைத் திருப்பியிருக்கிறான். வண்டியோ திரும்பாமல் நேரே சென்று, பாதையை விட்டு விலகி, பொருபொருத்த பனிக்குள் புதைந்துவிட்டது. இரண்டு பாகத் தூரத்தில் ஒரு பெரிய பைன் மரம் நின்றதாம்.

"அதை விற்றுவிடச் சொல்லுங்கள், அண்ணா. நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றாள் தங்கை. அவள் கண்கள் கலங்கியிருந்தன. சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மருமகன் மறுத்துப் பேசவில்லை. "மாமா, விற்கச் சொல்லுமுன் ஒருமுறை வந்து பாருங்கள். நான் திருப்பியது உண்மை, வண்டி திரும்பவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறவர் அல்லவா?" என்றான். ஏன் என்று கேட்கும் மாணவனைக் கைவிட எந்த ஆசிரியனுக்கு மனம் வரும்? சனிக்கிழமை காலை இருவரும் புறப்பட்டோம்.

மொன்றியலுக்குக் கிழக்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வல்கூர். சிறு குன்றுகளும், இலையுதிர்ந்த மேப்பிள் மரச் சோலைகளும், கூரையிலே புகை எழும் பண்ணை வீடுகளும் சூழ்ந்த அமைதியான ஊர். பனிவண்டியின் தாயகம் என்று இதனைச் சொல்லலாம். ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே 1907இல் இங்கேதான் பிறந்தார். பழைய போர்ட் கார் ஒன்றின் எஞ்சினுடன் மரத்தாலான விசிறியைப் பூட்டி, 1922ஆம் ஆண்டின் கடைசி நாளன்று பனியின்மேல் வண்டி ஓட்டிக் காட்டியபோது அவருக்கு வயது பதினைந்து.

அங்குள்ள நூதனசாலையிலே அவர் செய்த வண்டிகளைக் கண்டோம். அவற்றைவிட என் நெஞ்சைத் தொட்டது அவற்றின் பின்னே உள்ள துயரம். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மைந்தன் குடல்வால் அழற்சியால் துடித்தான். பாதைகளைப் பனி மூடியிருந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வழியில்லாமல் குழந்தை இறந்தது. பனியில் ஓடும் வண்டி பற்றிய ஆராய்ச்சியைத் தந்தை அதன்பின்னும் விடாது தொடர்ந்தார். பற்சில்லினால் இழுக்கப்படும் இறப்பர்ப் பட்டை அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் ஏறக்கூடிய அவ்வண்டிகள் வைத்தியரையும், தபாலையும், பாடசாலைப் பிள்ளைகளையும் சுமந்து சென்றன. ஓரிருவர் ஏறிச் செல்லும் 'ஸ்கீ-டூ' என்னும் சிறிய வண்டி 1959இல் வெளிவந்தது. ஐந்தாண்டுகளின் பின், 1964இல் அவர் காலமானார்.

பாதையில்லாத இடத்திற் செல்லவென்று பிறந்த வண்டிக்கு இன்று பாதையே அமைத்துக் கொடுக்கிறார்கள். கியூபெக் மாகாணத்தில் 30,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பனிப்பாதைகள் உள்ளன. உள்ளூர்ச் சங்கத்தார் அவற்றைப் பேணுகின்றனர். உழுத வயலுக்குப் பரம்படிப்பதுபோல, பெரிய யந்திரமொன்று பின்னாலே ஒரு சட்டத்தை இழுத்துச் செல்லும். சட்டத்தின் அலகுகள் மேடுகளைச் செதுக்க, பின்தட்டு பனியை அமுக்கிச் செல்லும். இரவில் இவ்வேலை நடந்தால், விடியுமுன் பனி இறுகிப் பாதை கெட்டியாகிவிடும்.

அந்தக் கெட்டியான பாதையிலேதான் மருமகனின் வண்டி திரும்ப மறுத்தது. அதனை ஊர்க் கோடியில் உள்ள ஒரு முதிய மெக்கானிக்கின் பட்டறையில் நிறுத்தியிருந்தான். பெரியவருக்குப் பிரெஞ்சு மொழி மட்டுமே தெரியும், மருமகன் மொழிபெயர்த்தான். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. வண்டியின் முன்புறத்தைத் தூக்கி நிறுத்தி, சறுக்குக்கட்டையின் அடிப்புறத்தைக் காட்டினார்.

மாணவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். பனிவண்டிக்கு முன்னே இரு சறுக்குக்கட்டைகள். பின்னே எஞ்சினால் சுழலும் இறப்பர்ப் பட்டை. இறுகிய பனியில் சறுக்குக்கட்டை அகலமாயிருந்தாலும் வழுக்கவே செய்யும். அதன் அடியில் நீளவாட்டில் பொருத்திய உருக்குக் கம்பியும், அக்கம்பியில் பதித்த காபைட்டு என்னும் மிகக் கடினமான பொருளின் கூர்விளிம்புமே பனியைக் கடித்து வண்டியைத் திருப்புகின்றன. பெரியவர் அவ்விளிம்பில் தமது கட்டைவிரல் நகத்தை உரைத்தார். நகம் சீவப்படவில்லை. பழைய நாணயத்தின் விளிம்புபோல அது மழுங்கியிருந்தது. மருமகனின் முகம் வாடியது.

புதிய கம்பிகளைப் பொருத்தியபின் பெரியவர் கைபிடியை நேரே நிறுத்தி, பட்டையின் பக்கமாக நீண்ட சட்டமொன்றை வைத்துச் சறுக்குக்கட்டைகளை அளந்தார். அவை ஏறத்தாழ ஒன்றுக்கொன்று சமாந்தரமாயிருந்து, முன்முனைகள் மட்டும் சில மில்லிமீற்றர் வெளிப்புறம் விலகியிருத்தல் வேண்டுமாம். இவ்வளவு பிழைத்தாலும், மூட்டுகள் தேய்ந்து ஆடினாலும், முன்சென்ற வண்டிகளின் சுவடுகளில் விழுந்து வண்டி இங்குமங்கும் அலையும்.

அடுத்தது பாரம். பட்டையைத் தாங்கும் சட்டத்தின் முன்பகுதியில் ஒரு வார் உண்டு. அதனைச் சற்றே குறுக்கினால் சறுக்குக்கட்டைகளின்மேல் பாரம் கூடும். கூரிய விளிம்பு இன்னும் ஆழமாகக் கடிக்கும். அளவுக்கு மிஞ்சினாலோ கைபிடி கனக்கும். பின்பட்டை பிடிப்பை இழந்து, வண்டியின் பின்புறம் சுழன்று வரும். மறுபுறம், பட்டையில் ஆணிகள் தைத்துப் பின்பிடிப்பை மட்டும் கூட்டினால், அது வண்டியை நேரே தள்ளிக்கொண்டு போகும். முன்னும் பின்னும் சமநிலையில் இருத்தல் வேண்டும் என்பதே பெரியவரின் பாடம்.

இறுதியாக அவர் மருமகனைப் பார்த்து ஏதோ கேட்டார். அவன் தலைகுனிந்தபடி எனக்குச் சொன்னான்: "வளைவுக்குள் நுழைந்தபின்னும் ஏன் விசையைக் கூட்டினாய் என்று கேட்கிறார், மாமா." விசையைக் கூட்டினால் பாரம் பின்னோக்கிச் சாயும், முன்கட்டைகள் இலேசாகும், பிடி தளரும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடலை உட்புறம் சாய்த்து, வளைவைக் கடக்கும்போது மெல்ல விசை கொடுப்பதே முறை. அன்றைய பிழையிற் பாதி இரும்புடையது, மறுபாதி அவனுடையது. அதை அவன் ஒப்புக்கொண்டபோது, நான் கொண்டுபோன தீர்ப்பை மெல்ல மடித்து வைத்தேன்.

பிற்பகல் தலைக்கவசம் அணிந்து அவன் பின்னே அமர்ந்தேன். மரங்கள் இருமருங்கும் வெண்குடை பிடித்து நின்றன. அந்த வளைவு வந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது. அவன் வேகத்தைத் தணித்து உட்புறம் சாய்ந்தான்; சிறுவயதில் தந்தையாரின் சைக்கிளில் இருந்து பழகியதுபோல நானும் சாய்ந்தேன். சறுக்குக்கட்டைகள் பனியைச் சீவும் ஒலி கேட்டது. வண்டி பாதையின் வலப்பக்கத்தை விட்டு விலகாமல் வளைந்து சென்றது. அந்தப் பைன் மரம் எங்களைக் கடந்து பின்னே போயிற்று. இருவரும் பேசவில்லை.

இரவு தங்கையிடம் நடந்ததைக் கூறினேன். "நீங்களும் அவன் பக்கம் சேர்ந்துவிட்டீர்களா?" என்று கோபித்தாள். நூதனசாலையில் அறிந்த அந்தக் குழந்தையின் கதையைச் சொன்னேன். நெடுநேரம் மௌனமாயிருந்தாள். பின்பு மகனை அழைத்து ஒரு நிபந்தனை விதித்தாள். இனி வண்டியில் ஏறுமுன் ஒவ்வொரு முறையும் அவன் அந்த விளிம்பில் நகத்தை உரைத்துப் பார்க்க வேண்டும். சீவப்பட்ட நகத்தைத் தாய்க்குப் படம்பிடித்து அனுப்ப வேண்டும்.

நான் ஊர் திரும்பியபின் அவள் எழுதிய முதற் கடிதத்தில், இரண்டு படங்கள் வந்துவிட்டன என்று குறிப்பிட்டிருந்தாள்.