ஏரோது அத்தை

எங்கள் ஊரில் ஏரோது ராஜா ஒரு பெண்பிள்ளை. டிசம்பரில் கோயில் முற்றத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு நடக்கும் கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மற்ற வேஷங்கள் எல்லாம் வருஷத்துக்கு வருஷம் கைமாறும். மரியாளாக நின்ற அக்காவுக்கு மறுவருஷம் கல்யாணமாகிவிடும். யோசேப்பு டீச்சர் டிரெயினிங்குக்குப் போய்விடும். மேய்ப்பர்கள் வளர்ந்து சாஸ்திரிகள் ஆவார்கள். ஏரோது மட்டும் அசையவில்லை. அத்தை இருந்தவரை அந்தக் கிரீடத்துக்கு வேறு யாரும் கை நீட்டியதில்லை.

எனக்கு மட்டும் அவள் அத்தை இல்லை. சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, செம்மணல் தேரி தொடங்குகிற இடத்தில் எங்கள் ஊர். அந்த ஊரின் பாதிப் பேருக்கு அவள் அத்தை, மீதிப் பேருக்குச் சித்தி, ஐயர் என்று நாங்கள் சொல்லும் போதகரின் மனைவி ஐயரம்மாவுக்கு மட்டும் 'நம்ம பாட்டுக்காரி'. மச்சுவீட்டு மொட்டை மாடியில் ஏறினால் பனைகளுக்கு மேலே மெய்ஞ்ஞானபுரம் கோயிலின் கோபுரம் தெரியும். 192 அடி உயரம் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார். "அத்தன அடி உசரத்துல நின்னு பாடுனாலும் ஏன் சத்தம் கீழ கேக்கும்" என்பாள் அத்தை. கேட்கும்தான். குயில் குரல் இல்லை, கட்டைக் குரல். சாணை பிடிக்காத அரிவாள் மாதிரி முதலில் கொஞ்சம் கரகரக்கும், பிறகு நேராக இறங்கும். அவளுக்கு எப்போதும் ஆண் வேஷமே வந்து சேர்ந்ததற்கு அந்தக் குரலும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ஊர்க் கட்டுப்பாடு. ஆணும் பெண்ணும் சேர்ந்து மேடை ஏறக்கூடாது. வாலிபர் சங்கத்து நாடகத்தில் பெண் வேஷத்தை மீசை மழித்த அண்ணன்கள் போடுவார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்து நாடகத்தில் ராஜா, சேவகன், பரிசேயன், கழுதை எல்லாமே பெண்கள். ஒரு தடவை யாரோ அத்தையிடம், "நீரு ஒரு தடவையாவது எஸ்தர் வேசம் போடலாம்லா?" என்று கேட்டார்கள். "பொம்பள வேசத்த நான் தெனமுந்தான போட்டுக்கிட்டு இருக்கேன். வருசத்துல ஒருநா லீவு குடுங்கட்டி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது விளங்கப் பல வருஷம் ஆயிற்று.

தாடிக்குப் பனந்தும்பு. எங்கள் பக்கம் பனைமட்டையைத் தட்டித் தும்பு எடுத்து லாரியில் அனுப்புவார்கள், அதனால் தாடிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் முகத்தில் கட்டினால் அரிக்கும். ராஜா கோபப்பட்டுத் தாடியை உருவுவதாகப் பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள், அத்தை சொறிந்துகொண்டிருப்பாள். கிரீடம் பிஸ்கட் டப்பாத் தகரம், அதன்மேல் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள். அங்கி, யாரோ ஒருவருடைய கல்யாணப் பட்டு. திரைக்குப் பதில் ஜமுக்காளம். அதை இழுக்கும் பொறுப்பு சிறுவர்களான எங்களுக்கு. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் வராது, நடுவில் நின்றுவிடும். அந்த இடைவெளியில் தேவதூதன் தண்ணீர் குடிப்பது தெரியும்.

எஸ்தர் நாடகத்தில் அவள் ராஜாவின் மந்திரி ஆமான். வேதாகமத்தில் இவ்வளவு நகைச்சுவையான புத்தகம் இன்னொன்று இல்லை என்பது என் துணிபு. அதை எனக்குக் காட்டியது பிரசங்கங்கள் அல்ல, அத்தைதான். ராஜா கனம்பண்ண விரும்புகிற மனுஷனுக்கு என்ன செய்யலாம் என்று அகாஸ்வேரு ராஜா கேட்கிறான். தன்னைத்தான் சொல்கிறான் என்று ஆமான் எண்ணிக்கொள்கிறான். அந்த எண்ணம் வந்து சேருவதற்கு அத்தை முழுசாக ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வாள். முதலில் ஒரு புருவம் ஏறும். பிறகு தாடியைத் தடவுவாள். பிறகு சபையைப் பார்த்து, தன் நெஞ்சைத் தானே தொட்டு, 'நானா?' என்று வாயசைப்பாள். பிள்ளைகள் எல்லாம் "இல்ல, இல்ல" என்று கத்துவோம். "சும்மா கெடங்கல, ஒங்களுக்கு என்ன தெரியும்" என்று எங்களை அதட்டிவிட்டு, ராஜ உடுப்பு வேண்டும், ராஜாவின் குதிரை வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போவாள். கேட்ட பட்டியலில் ரேஷன் கடைச் சீனியும் கரண்டு போகாத ஒரு ராத்திரியும் சேர்ந்துகொள்ளும். அதெல்லாம் தன் பகையாளி மொர்தெகாய்க்கு என்று தெரிந்ததும் முகம் தொங்கிப்போகிற போக்கு இருக்கிறதே! போர்வைக்குள் இரண்டு பெண்கள் குனிந்து நின்றால் குதிரை. மொர்தெகாயை அதன்மேல் ஏற்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேண்டாவெறுப்பாகக் கூவியபடி முற்றத்தைச் சுற்றிவருவாள். ஒரு வருஷம் குதிரையின் பின்பாதி சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டது. அத்தை கலங்கவில்லை. "இந்தக் குதுரைக்கும் சத்துணவு போடணும்போல" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மொர்தெகாய்க்காக ஆமான் செய்யச் சொன்ன தூக்குமரம் ஐம்பது முழம். அந்த அளவை வாசித்ததும் அத்தை மேடையிலிருந்தபடியே கோயிலுக்குப் பின்னால் நின்ற பனையை அண்ணாந்து பார்த்து, "ஏ, இதுலயே கெட்டிருலாமே, ஆசாரிக்குக் கூலி மிச்சம்" என்றாள். வசனப் புத்தகத்தில் அது கிடையாது. முன்வரிசையில் ஐயர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் கமிட்டியில் பெரியவர்கள் சிலர், வேதத்தைக் கேலியாக்குகிறாள், பொம்பளை மீசை வைத்துக்கொண்டு ஆடுவது கோயிலுக்கு ஆகாது என்று பேசினார்களாம். அத்தை கேட்ட ஒரே கேள்வி: "ஐயர் சிரிச்சாவளா இல்லியா?"

அந்தப் பெரியவர்களுக்கு அன்று பதில் சொல்ல எனக்கு வயதும் இல்லை, விவரமும் இல்லை. இன்று சொல்வேன். நம் கோயில்களில் பாடுகிற கீர்த்தனைகளில் பலவற்றை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலியில் பிறந்தவர். தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். அவர் கீர்த்தனை மட்டுமா எழுதினார்? குறத்தி வந்து குறி சொல்லும் கூத்து வடிவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். 'ஞானத்தச்ச நாடகம்' எழுதினார். நாற்று நடுகிறவர்களும் ஏற்றம் இறைக்கிறவர்களும் பாடின மெட்டுகளை அவர் தள்ளிவைக்கவில்லை. 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, சாஸ்திரியார் உயிரோடுதான் இருந்தார். பாட்டும் கூத்தும் அப்படி வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன. அத்தை எதையும் புதிதாகக் கொண்டுவந்து நுழைத்துவிடவில்லை.

எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அத்தை மிஷன் ஸ்கூலில் சத்துணவு ஆயா ஆனாள். அதற்கு முன் பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தவள். மாமா பம்பாய்க்குப் போனவர்; மணியார்டர் ஒழுங்காக வந்தது, ஆள் எப்போதாவது வந்தார். அதைப் பற்றி அவள் பேசியதில்லை, நானும் இட்டுக்கட்டப் போவதில்லை. சோறு கிண்டும்போது பாடுவாள். வகுப்பில் எட்டாம் வாய்ப்பாடு ஓடும். கொட்டகையிலிருந்து கீர்த்தனை வரும். இரண்டும் கலந்து எங்களுக்கு எட்டாம் வாய்ப்பாடே ஒரு ராகத்தில்தான் மனப்பாடம். இப்போதும் கடையில் கணக்குப் போடும்போது அந்த ராகம் வந்துவிடுகிறது.

கோயிலில் அவள் இடம் பெண்கள் பக்கம், முதல் பாய். ஆர்மோனியம் வாசிக்கிற சார் எண் சொல்லிச் சுதி கொடுப்பதற்குள் அவள் எடுத்துவிடுவாள். பிறகு சார்தான் கட்டையைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடவேண்டும். புத்தகத்தில் ஒவ்வொரு கீர்த்தனைக்கு மேலும் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். சார் அதைக் காட்டி, இது செஞ்சுருட்டி, நீங்கள் பாடுவது அது இல்லை என்பார். "செஞ்சுருட்டியோ பாய்ச்சுருட்டியோ, எங்கம்மைக்கு உபதேசியார் சொல்லிக்குடுத்தது இதான்" என்பாள். சார் முறைப்படி படித்தவர். அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். ஆனால் சபை அத்தையோடு போயிற்று.

அறுப்பின் பண்டிகை ஏலம் அவளுக்கு இன்னொரு மேடை. காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், கோழி, முட்டை எல்லாவற்றையும் ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம் விடுவார்கள். எடுத்தவரே திரும்ப அதைக் கோயிலுக்குக் கொடுப்பார், மறுபடி ஏலம். ஒரே முட்டை இப்படிச் சுற்றிச் சுற்றி, அதைப் போட்ட கோழியைவிட விலை ஏறிவிடும். கேட்காமல் ஒதுங்கி நிற்கும் கடைக்காரர்களை அத்தை விடமாட்டாள். "யண்ணே, போன வருசம் தராசு ஒரு பக்கம் சாஞ்சு கெடந்துச்சே, அதுக்காவது ஒரு பத்து ரூவா ஏத்துங்க" என்பாள். அவர் ஏற்றிவிடுவார். அசன விருந்துக்கு முந்தின ராத்திரி காய் வெட்டுகிற இடத்திலும் அவள்தான். யார் வீட்டில் யார் எப்படி நடப்பார்கள் என்று நடித்துக்காட்டுவாள். நடித்துக்காட்டப்படுகிறவர் எதிரிலேயே உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார். கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடிக்குள்ளும் இரண்டு வருஷம் அவள் இருந்தாள். கேரல் ரவுண்ட்ஸில் வந்த தாத்தா ஏன் எங்கள் வீட்டு முந்திரிக்கொத்தை நேராக அடுப்படிக்கே போய் எடுத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெரிய வெள்ளி அன்று மட்டும் ஆள் மாறிவிடுவாள். வெள்ளைச் சேலை. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், ஏழு செய்திகள், நடுநடுவே பாட்டு. பாட்டெல்லாம் மெதுவாக இழுபடும். காலையிலிருந்து சாப்பிடாத அந்தக் குரல் அன்று வேறு மாதிரி இருக்கும். சேவகர்கள் அடித்ததையும் துப்பினதையும் பாடும்போது கண்ணீர் வழியும், துடைக்கமாட்டாள். அப்போதும் எங்கள் வயிற்றை மறந்தவளில்லை. நாலாம் வார்த்தை வாக்கில் முந்தானைக்குள்ளிருந்து சில்லுக் கருப்பட்டி ஒவ்வொன்றாகப் பாய்க்கடியில் நகர்ந்து வரும். முகம் பீடத்தைப் பார்த்தபடியே இருக்கும். இவள் விளையாட்டுக்காரியா, பக்திக்காரியா என்று ஊரில் சிலருக்கு எப்போதும் சந்தேகம். பிள்ளைகளுக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் போய்ச் சேர்ந்தாள். அடக்க ஆராதனைக்கு இன்னின்ன பாட்டு என்று எண்களை எழுதி வேதாகமத்துக்குள் வைத்திருந்தாள். "இழுத்துப் பாடாதிய, எனக்கே தூக்கம் வந்துரும்" என்று ஐயரம்மாவிடம் சொல்லியும் இருந்தாளாம். இழுத்துத்தான் பாடினோம். எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை.

பிறகு சபையின் ஆண்டு மலர் ஒன்று வந்தது. ஊழியம் செய்த ஐயர்மார் படங்கள் வரிசையாக இருந்தன. கோபுரத்துக்கும் மணிக்கும் பணம் கொடுத்தவர்கள் பெயரும் இருந்தது. பெண்கள் சங்கத்துக்கு அரைப் பக்கம். அதில் நாடகங்களைப் பற்றி, கலை நிகழ்ச்சிகளும் நடைபெற்றன என்று ஒரு வரி. ஐம்பது முழத் தூக்குமரம், பனந்தும்புத் தாடி, உட்கார்ந்துவிட்ட குதிரை எல்லாம் அந்த ஒரு வரிக்குள் போய்விட்டன.

இப்போது எங்கள் கோயிலில் கீபோர்டும் டிரம்ஸும் இருக்கின்றன. பாட்டு வரிகள் திரையில் ஓடுகின்றன. அதில் எனக்குக் குறை இல்லை, பிள்ளைகள் நன்றாகவே பாடுகிறார்கள். ஆனால் கீர்த்தனைப் புத்தகத்தில் எத்தனையோ பாட்டுகள் எண் அறிவிக்கப்படாமலே கிடக்கின்றன. ராகம் அச்சில் இருக்கிறது, எங்கள் ஊர் மெட்டு அச்சில் இல்லை. அது அத்தையிடமும் அவளோடு முதல் பாயில் உட்கார்ந்தவர்களிடமும் இருந்தது. அவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அவர்களில் ஒரு சித்தியை உட்காரவைத்துக் கைபேசியில் கொஞ்சம் பதிந்துவந்தேன். பாதி மறந்துவிட்டது, மீதி பத்திரமாக இருக்கிறது. உங்கள் ஊர் முதல் பாயில் இன்னும் யாராவது உட்கார்ந்திருந்தால், அடுத்த பண்டிகைவரை காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிறே போய்ப் பாடச் சொல்லிப் பதிந்துவையுங்கள்.